கூரை ஸ்பீக்கருக்கு முன் சரவுண்டைக் கீழே இறக்குங்கள்

கேள்வி: எங்கள் ஹாலில் 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கு ஒரு சப்வூஃபர்) இருக்கிறது. ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர் 7.2. ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. பக்கவாட்டு, பின்பக்க ஒலி தரும் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இரண்டும் அதே சுவரில் 7 அடி உயரத்தில் மாட்டியிருக்கின்றன. இப்போது ஃபால்ஸ் சீலிங் போடப் போகிறோம். போட்ட பிறகு கூரை 9 அடி 6 அங்குலத்தில் நிற்கும். அதோடு சேர்த்துக் கூரை ஸ்பீக்கரும் வைத்துவிடலாம் என்று எண்ணம். இரண்டு போதுமா, நான்கு வேண்டுமா? எங்கே வைப்பது? ரிசீவரை மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: சீலிங்கை மூடுவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஸ்பீக்கருக்கும் இப்போதே ஒயர் இழுத்துவிடுங்கள். சோபாவைச் சுவரிலிருந்து முன்னால் கொண்டுவர முடிந்தால் நான்கையும் மாட்டுங்கள். முடியாவிட்டால் இரண்டு போதும். ரிசீவரை மாற்றுவதா வேண்டாமா என்பது அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆனால் இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை, 7 அடி உயரத்தில் இருக்கும் சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் கீழே இறக்குவதுதான்.

பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். உங்கள் சரவுண்ட் ஸ்பீக்கர் அதற்கும் மூன்றரை அடி மேலே இருக்கிறது. பக்கவாட்டில் நான்கு அடி தள்ளியிருந்தால்கூட, காதிலிருந்து பார்க்க அது 41 டிகிரி உயரத்தில் நிற்கிறது. கூரை ஸ்பீக்கருக்குப் பரிந்துரைக்கப்படும் கோணமோ 45 டிகிரி. ஆக, பெயருக்குத்தான் அது சரவுண்ட். இருப்பது கூரை ஸ்பீக்கரின் இடத்தில். இதற்கு மேல் இன்னும் நான்கு ஸ்பீக்கரைக் கூரையில் பதித்தாலும், பக்கவாட்டுச் சத்தமும் மேலே இருந்து வரும் சத்தமும் ஒன்றோடொன்று கலந்துதான் கேட்கும். 'இவ்வளவு செலவு செய்தும் வித்தியாசமே தெரியவில்லையே' என்று என்னிடம் வருகிறவர்களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது சரவுண்டின் உயரத்தைத்தான்.

காரணம் நம் காதிலேயே இருக்கிறது. இடமா வலமா என்பதை மூளை எளிதாகக் கண்டுபிடித்துவிடும். ஒரு காதுக்குச் சத்தம் சற்று முன்னதாகவும் சற்று பலமாகவும் வந்து சேர்கிறது, அது போதும். மேலா கீழா என்பதற்கு அந்த வசதி இல்லை. நேர் முன்னால் ஒரு சத்தம் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில்தான் கேட்கும். காதுமடலின் மடிப்புகளில் பட்டு உச்ச அதிர்வெண்கள் எப்படி மாறுகின்றன என்பதை வைத்துத்தான் மூளை உயரத்தைக் கணிக்கிறது. இந்தக் கணிப்பு அவ்வளவு துல்லியமானதல்ல. அதனால்தான் கீழ் வரிசைக்கும் மேல் வரிசைக்கும் நடுவில் தாராளமாக இடைவெளி வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இன்னொன்றும் உண்டு. 5.1 ஒலியில், எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கரில் வர வேண்டும் என்பது ஒலிக்கலவை செய்யும்போதே முடிவாகிவிடும். 2012-ல் தியேட்டர்களுக்கும் 2014-ல் வீடுகளுக்கும் வந்த, கூரை ஸ்பீக்கரையும் பயன்படுத்தும் டால்பி அட்மாஸ் என்ற ஒலிமுறையில், ஒரு சத்தம் அறையின் எந்தப் புள்ளியில் கேட்க வேண்டும் என்ற தகவலும் ஒலியோடு சேர்ந்து வர முடியும். அதை வைத்து உங்கள் ரிசீவர் அங்கேயே கணக்குப் போட்டு, இருக்கிற ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. சரவுண்ட் காது மட்டத்தில் இருக்கிறது என்று நம்பித்தான் அந்தக் கணக்கைப் போடுகிறது. ஆகவே சரவுண்ட் இரண்டையும் பக்கச் சுவர்களுக்கு மாற்றுங்கள். உட்காரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், காது உயரத்தில், அல்லது பக்கத்தில் உட்காருபவரின் தலை மறைக்காத அளவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். சுவரில் மாட்ட வசதி இல்லையென்றால் ஸ்டாண்டு வாங்கி வைத்தாலும் சரி.

இப்போது கூரைக்கு வருவோம். உங்கள் கூரைக்கும் காதுக்கும் இடையே 6 அடி இருக்கிறது. 45 டிகிரி வேண்டுமென்றால், உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் முன்னால் போக வேண்டும். அதாவது முன் ஜோடி உங்கள் தலைக்கு 6 அடி முன்னால். பின் ஜோடியும் அதேபோல் 6 அடி பின்னால் இருந்தால் உத்தமம். ஆனால் 55 டிகிரி வரை ஏற்றுக்கொள்ளலாம் என்பதால் நாலேகால் அடி பின்னால் இருந்தாலும் போதும். அதற்கே, காது பின்சுவரிலிருந்து 5 அடி தள்ளி வருகிற மாதிரி சோபாவை முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். 16 அடி ஹாலில் இது நடக்கக்கூடிய காரியம்தான்; முன்சுவருக்கு இன்னும் 11 அடி மிஞ்சும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பாஸ் (தாழ்ந்த ஒலி) கும்மென்று ஏறிப்போகும். சோபாவை நகர்த்தினால் அந்தத் தொல்லையும் பெரும்பாலும் குறையும். எனவே எப்படியாவது நகர்த்தப் பாருங்கள் என்றே சொல்வேன்.

நகர்த்தவே முடியாது என்றால், பின் ஜோடிக்கு இடமில்லை. அதை வலுக்கட்டாயமாகத் தலைக்கு நேர்மேலே வைக்காதீர்கள். இரண்டே ஸ்பீக்கர், தலைக்கு ஒன்றிலிருந்து இரண்டரை அடி முன்னால், அவ்வளவுதான். சத்தம் மேலே இருந்து வருவது தெரியும். ஹெலிகாப்டர் முன்னாலிருந்து தலையைத் தாண்டிப் பின்னால் போகும் அந்த நகர்வு மட்டும் நான்கில் கிடைக்கும் அளவுக்குக் கிடைக்காது.

இடது வலது இடைவெளிக்கு, உங்கள் முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் எவ்வளவு அகலத்தில் இருக்கின்றனவோ அதே நேர்கோட்டில் கூரை ஸ்பீக்கர்களையும் வையுங்கள். சுவரோரமாக ஒதுக்க வேண்டாம். சீலிங் ஆட்கள் லைட் வரைபடத்தைப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் மூலைகளில் ஸ்பீக்கருக்குத் துளை போடப் பார்ப்பார்கள். ஸ்பீக்கரின் இடத்தை நீங்கள் முதலில் குறித்துக் கொடுங்கள், லைட்டும் ஃபேனும் அதற்கேற்ப நகரட்டும். இடம் குறிப்பது எளிது. சோபாவை இருக்க வேண்டிய இடத்தில் போட்டு, நடு இருக்கையில் உட்காருங்கள். போனில் கோணம் காட்டும் ஆப்பைத் திறந்து, காது உயரத்தில் பிடித்து, 45 டிகிரி வரும்வரை சாய்த்து, அதன் விளிம்பு வழியாகக் கூரையைப் பாருங்கள். பார்வை போய்ப் படும் வரிசைதான் உங்கள் முன் ஜோடியின் வரிசை. இன்னொருவர் டேப் பிடித்துச் சரிபார்த்தால் 6 அடிக்கு அருகில் வரும்.

ஸ்பீக்கர் தேர்வில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூரையில் பதிக்கும் வட்ட ஸ்பீக்கர் நேர் கீழே பார்க்கிறது, நீங்களோ அதற்கு 45 டிகிரி பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். டார்ச் வெளிச்சம்போல் ஒரே திசையில் குவிகிற ஸ்பீக்கர் என்றால் உச்ச ஒலி தரையில் விழும், உங்களுக்கு மங்கலாகத்தான் வரும். உயரத்தைக் காட்டிக்கொடுப்பதே அந்த உச்ச ஒலிதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? எனவே ஒலியை அகலமாகப் பரப்புகிற ஸ்பீக்கராகவோ, உச்ச ஒலி தரும் ட்வீட்டரைத் திருப்பிவிடும் வசதி உள்ளதாகவோ வாங்கி, ட்வீட்டரை உட்காரும் இடத்தை நோக்கித் திருப்புங்கள். நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும். முன் ஸ்பீக்கர் கம்பெனியிலேயே வாங்கினால் குரல் ஒத்துப்போகும். கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

ஃபால்ஸ் சீலிங் வேலையில் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரம், ஸ்பீக்கர் ஏறுகிற நேரம். எடையை ஜிப்சம் போர்டு மட்டும் தாங்கக் கூடாது. துளையைச் சுற்றி சட்டத்துக்கு உரம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு பாதுகாப்புக் கம்பி மேலே கான்கிரீட்டில் அடித்த கொக்கிக்குப் போகட்டும். ஸ்பீக்கருக்குப் பின்னால் மூடிய பெட்டி இருந்தால் நல்லது, சத்தம் சீலிங்கின் வெற்றிடத்தில் சுற்றாது. பெட்டி இல்லையென்றால் சுற்றிலும் ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் பஞ்சு) வையுங்கள்; லைட் ஃபிட்டிங்கின் மேல் மட்டும் அது படக் கூடாது. தளர்வாக விட்ட ஒரு ஸ்க்ரூ போதும், பாஸ் வரும்போதெல்லாம் சீலிங் கிர்ரென்று அதிரும். மூடிய பிறகு அது எங்கிருந்து வருகிறது என்று தேடுவது பெரும்பாடு.

ஒயர் 16 கேஜ், சுத்தமான செம்பு. ஒரு பக்க ஓட்டம் 50 அடியைத் தாண்டினால் இன்னும் தடிமனான 14 கேஜ். செம்பு பூசிய அலுமினிய ஒயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அதற்கு மின்தடை அதிகம். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதை நுழைக்கவே கூடாது, தனிப் பைப் போடுங்கள். இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டி, ஸ்பீக்கர் பக்கம் மூன்றடி கூடுதலாகச் சுருட்டி விடுங்கள். மூடுவதற்கு முன் டேப்பை விரித்து வைத்து ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்து வையுங்கள். இப்போது இரண்டு மாட்டினாலும், பின்னாளில் மற்ற இரண்டுக்கும் அந்தப் படத்தைப் பார்த்துத் துளை போடலாம்.

ரிசீவர் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். 7.2 என்பதில் உள்ள 2, சப்வூஃபர் இணைப்புகளின் எண்ணிக்கை. கூரை ஸ்பீக்கரின் எண்ணிக்கை மூன்றாவதாக வரும்: 5.1.2, 5.1.4 என்று. உங்கள் ரிசீவரில் ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஏழு இருக்கின்றன. அட்மாஸ் வசதியும் இருந்தால் 5.1.2 அப்படியே ஓடும். பயன்படாமல் கிடக்கும் இரண்டு ஆம்பை மெனுவில் கூரைக்கு ஒதுக்கினால் முடிந்தது. 5.1.4-க்கு ஒன்பது ஆம்ப் வேண்டும். சில ஏழு ஆம்ப் ரிசீவர்கள் ஒன்பது சேனல் வரை கணக்குப் போட்டு, மீதி இரண்டை ப்ரீ-அவுட் (வெளி ஆம்புக்கான இணைப்பு) வழியாக வெளியே கொடுக்கும். உங்களுடையது அந்த வகை என்றால் இரண்டு சேனல் ஆம்ப் ஒன்று வாங்கினால் போதும், ரிசீவரை மாற்ற வேண்டாம். கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் ஒயர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், அதில் அட்மாஸ் வராது. டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்பில் ஸ்ட்ரீமிங் அட்மாஸ் வரும், டிவியும் அதை அனுப்பக்கூடியதாக இருந்தால். ப்ளூரே தட்டின் முழுத்தரம் டிவி வழியாகப் போக அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். பிளேயரை நேரே ரிசீவரில் செருகிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

எல்லாம் மாட்டியபின் ரிசீவரின் மைக்கைக் காது உயரத்தில் வைத்து அளவெடுங்கள். மெனுவில் முன் ஜோடிக்கு டாப் ஃப்ரண்ட், பின் ஜோடிக்கு டாப் ரியர், இரண்டே என்றால் டாப் மிடில் என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். கூரை ஸ்பீக்கர்களின் கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் வையுங்கள், பாஸ் சப்வூஃபருக்குப் போகட்டும். அப்புறம் ஒரு ஆசை வரும்: மேலே சத்தம் குறைவாக இருக்கிறதே, அதை மட்டும் கூட்டிவிடலாமா என்று. வேண்டாம். படத்தின் பெரும்பகுதியில் மேலே ஒன்றும் இல்லாமலோ மெல்லிய சூழல் ஒலி மட்டுமோ இருப்பதுதான் இயல்பு. சந்தேகம் இருந்தால் மழைக் காட்சி ஒன்றை ஓட்டி, கூரை ஸ்பீக்கர்களின் ஒயரை மட்டும் ரிசீவரை அணைத்துவிட்டுக் கழற்றி, அதே காட்சியை மறுபடி கேளுங்கள். மழை டிவிப் பக்கம் ஒதுங்கி, அறை சட்டென்று தாழ்ந்துவிட்ட மாதிரி தெரிந்தால் உங்கள் ஸ்பீக்கர்கள் சரியாகத்தான் வேலை செய்கின்றன.