இலை இருக்க ஆய்வகம் எதற்கு?

அன்புள்ள ஐயா,

மலேரியா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதற்கான மருந்தான ஆர்டிமிசினின் ஒரு செடியின் இலையில் இருக்கிறது. சீனர்கள் அந்தச் செடியை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காய்ச்சலுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அப்படியானால் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் போதாதா? இருக்கிற ஒன்றையே ஆய்வகத்தில் செய்ய இவ்வளவு பணமும் காலமும் எதற்கு? மருந்து கம்பெனிகளின் லாபத்துக்குத்தானே?

ம.

அன்புள்ள ம.,

கஷாயத்திலிருந்தே தொடங்குகிறேன். 4ஆம் நூற்றாண்டில் சீன மருத்துவர் கெ ஹோங் எழுதிய மருத்துவ நூல் அந்தச் செடியைக் காய்ச்சவே சொல்லவில்லை. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கச் சொல்கிறது. 1971இல் சீன விஞ்ஞானி து யூயூவின் கண்ணில் பட்டது இந்த வரிதான். சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயப்பட்டு, குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற திரவத்தில் சாறு எடுத்தார். அக்டோபர் 4 அன்று சோதித்த 191ஆம் எண் சாறு, எலிகளின் உடலில் இருந்த மலேரியா ஒட்டுண்ணியை முழுதாக ஒழித்தது.

இலையில் இருக்கும் மருந்தின் அளவும் ஒரு சிக்கல். காய்ந்த இலையில் அது பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதுவும் செடிக்குச் செடி மாறும். மருந்து போதாமல் போனால் ஒட்டுண்ணி முழுக்கச் சாகாது, மிஞ்சியவை மருந்துக்குப் பழகிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் இந்த இலைத் தேநீரை மருந்தாக ஏற்காததற்கு இதுவும் காரணம். தயவுசெய்து யாருக்கும் அதைச் சிபாரிசு செய்யாதீர்கள்.

சரி, ஆய்வகம் என்ன செய்தது? இந்த மூலக்கூறுக்குள் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து ஒரு பாலம்போல நிற்கின்றன. மலேரியா ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அப்போது வெளிப்படும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்க, உடைந்த துண்டுகள் ஒட்டுண்ணியையே தாக்குகின்றன. பாலம்தான் மருந்து என்று தெரிந்த பிறகு, அதைத் தொடாமல் மற்ற இடங்களை மாற்றலாம் என்ற துணிவு வந்தது. ஆர்டிமிசினின் தண்ணீரிலும் சரியாகக் கரையாது, எண்ணெயிலும் கரையாது. அதைச் சற்றே மாற்றிச் செய்த ஆர்டிசுனேட்டை ஊசியாகப் போடலாம். மூளை மலேரியாவில் நினைவிழந்து கிடப்பவருக்குக் கஷாயத்தை எப்படிப் புகட்டுவீர்கள்? இந்தியா உட்பட 4 ஆசிய நாடுகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், கடும் மலேரியாவுக்குப் பழைய மருந்தான குயினைன் பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள், ஆர்டிசுனேட் பெற்றவர்களில் 15 பேர். ஆய்வகம் எதற்கு என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். செடி செய்வதை அப்படியே குடுவையில் செய்வது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. 1983இலேயே ஷ்மிட், ஹோஃப்ஹைன்ஸ் என்ற வேதியியலாளர்கள் இருவரும் ஆர்டிமிசினினை முழுதாக ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டார்கள். ஆனாலும் இலைதான் மலிவு. குயினைனும் இன்றுவரை சின்கோனா மரப்பட்டையிலிருந்துதான் வருகிறது.

லாபம் பற்றிக் கேட்டீர்கள். கலிஃபோர்னியாவில் ஜே கீஸ்லிங்கின் குழு ஈஸ்ட்டின் மரபணுக்களை மாற்றி, ஆர்டிமிசினினுக்கு முந்தைய கட்டமான ஆர்டிமிசினிக் அமிலத்தை அதைக்கொண்டே செய்ய வைத்தது. அதற்கான பெரும் பணம் கேட்ஸ் அறக்கட்டளையின் கொடை. சனோஃபி என்ற மருந்து நிறுவனம் இத்தாலியில் ஓர் ஆலையில் அதை மருந்தாக்கி, லாபம் வைக்காமல் கிலோ 350 முதல் 400 டாலருக்கு விற்க முன்வந்தது. அதற்குள் விவசாயிகள் அதிகம் பயிரிட்டு, இலையிலிருந்து எடுத்தது 250 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. 2015இல் அந்த ஆலை ஒரு கிலோகூடச் செய்யவில்லை. பலர் இதைத் தோல்வி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2005 வாக்கில் இலைக்குத் தட்டுப்பாடு வந்து விலை 1,000 டாலரைத் தாண்டியது. அப்படி இன்னொரு முறை நேர்ந்தால் கையில் மாற்று வழி வேண்டாமா?

அப்புறம், நீங்கள் தேடிப் படிக்க வேண்டிய பெயர் ஆர்டிரோலேன். செடியிடமிருந்து அந்த ஆக்சிஜன் பாலம் என்ற யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் வேதியியலாளர்களே கட்டிய மூலக்கூறு அது. 2012இல் இந்தியாவில்தான், பைப்பராகுயின் என்ற இன்னொரு மலேரியா மருந்துடன் சேர்த்து, மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. அதைச் செய்ய ஓர் இலைகூடத் தேவையில்லை.