வேலையோடு மனிதவள முதுமாணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: வங்கியில் வேலை. வணிக இளமாணி முடித்தாயிற்று. மனிதவள அபிவிருத்தியில் பட்டப்பின் டிப்ளோமா செய்வதா, நேரே முதுமாணியா? (வெள்ளவத்தை)

ப: பாடநெறி, உயர்கல்வித் தகைமைகளை மட்டங்களாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எந்த மட்டம் என்று முதலில் கேளுங்கள். 8ஆம் மட்டம் பட்டப்பின் டிப்ளோமா, 25 கிரெடிட். 9ஆம் மட்டம் பாடவழி முதுமாணி, 30 கிரெடிட். 10ஆம் மட்டம் பாடமும் ஆய்வும் சேர்ந்த முதுமாணி, 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. கலாநிதிப் படிப்போ விரிவுரையாளர் வேலையோ எண்ணத்தில் இருந்தால் 10க்குக் கீழே போகவேண்டாம். பதவி உயர்வுதான் நோக்கமென்றால் 9 போதும்.

ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேர உழைப்பு. 30 கிரெடிட்டுக்கு 1,500 மணி. இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வாரம் ஏறக்குறைய 15 மணி. சனி, ஞாயிறு விரிவுரை அதில் ஒரு பகுதிதான். மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் விழும் ஒப்படைத் திகதிகளைத் தவணைத் தொடக்கத்திலேயே குறித்து, லீவு கேட்டுவையுங்கள்.

கே: கொழும்பில் நடக்கும் பிரித்தானிய முதுமாணி 180 கிரெடிட்டாம். நம்முடையதைவிட ஆறு மடங்கா? (கொட்டாஞ்சேனை)

ப: இல்லை. அங்கே ஒரு கிரெடிட் 10 மணி. ஆகவே 1,800 மணி. நம் 1,500க்குப் பக்கத்தில்தான். சான்றிதழை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் பெறுங்கள். இன்னொன்று: அந்தப் பாடத்திட்டம் நம் தொழிற்சட்டத்தைச் சொல்லித்தராமல் போகலாம். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் ஊழியர் 8%, தொழில்தருநர் 12%. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3%. 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 வருடம் முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை. இவற்றை நீங்களாகவே படிக்கவேண்டும்.

கே: ஆடைத் தொழிற்சாலையில் மனிதவள நிறைவேற்று அலுவலர் நான். ஆய்வுக்கு என்ன எடுக்கலாம்? (கட்டுநாயக்க)

ப: உங்கள் தொழிற்சாலைப் பயிற்சியையே எடுங்கள். பயிற்சியை நான்கு படியில் மதிப்பிடும் முறையை டொனால்ட் கிர்க்பட்ரிக் 1959இல் முன்வைத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் வந்ததா. பெரும்பாலான ஆய்வுகள் முதற்படியிலேயே, பயிற்சி முடிந்ததும் நிரப்பும் கருத்துப் படிவத்திலேயே, நின்றுவிடுகின்றன. உங்களிடமோ நான்காம் படிக்கான தரவு தினமும் குவிகிறது: தையல் வரிசையின் வினைத்திறன், நூறு துண்டில் குறையுள்ளவை எத்தனை. பயிற்சிக்கு முன் நான்கு வாரம், பின் எட்டு வாரம் பாருங்கள். பயிற்சி பெறாத ஒரு வரிசையையும் பக்கத்தில் வையுங்கள். இடையில் ஸ்டைல் (தைக்கும் ஆடை வகை) மாறினால் புதுத் துண்டுக்குக் கை பழகும்வரை வினைத்திறன் விழும். அதைப் பயிற்சியின் தோல்வி என்று எழுதிவிடுவீர்கள். உற்பத்தித் திட்டத்தைப் பார்த்து, ஒரே ஸ்டைல் ஓடும் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தொழிலாளர் கருத்தைக் கேட்கும் வினாக்கொத்தை வரிசை மேற்பார்வையாளர் கையால் கொடுக்கவே கூடாது. அவர் பக்கத்தில் நின்றால் எல்லாரும் ‘உடன்படுகிறேன்’ என்றுதான் அடையாளமிடுவார்கள். பெயரில்லாத தாள், பூட்டிய பெட்டி, சிங்களத்திலும் தமிழிலும் பிரதி. “பயிற்சி பயனுள்ளது, போதுமானது” என இரண்டை ஒரே கேள்வியில் கோக்காதீர்கள். முப்பது பேரிடம் முன்னோட்டம் பார்த்து, கேள்விகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காட்டும் குரோன்பாக் அல்பா 0.7க்குக் கீழே வந்தால் கேள்விகளைத் திருத்துங்கள்.

நிறுவன அனுமதிக் கடிதம் ஆய்வு முன்மொழிவுக்கு முன்பே கையில் வேண்டும். தரவு எடுக்கும் வேளையில் முகாமையாளர் மாறி, வாய்ச்சொல் அனுமதி காற்றோடு போய், தலைப்பையே மாற்ற நேர்ந்தவர்கள் பலர்.

கே: சி.ஐ.பி.எம். (பட்டய ஆளணி முகாமைத்துவ நிறுவனம்) தகைமை இருந்தால் முதுமாணி தேவையா? (தெஹிவளை)

ப: 1959இல் தொடங்கி 1976இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட அந்நிறுவனம் தருவது தொழில்சார் தகைமை, முதுமாணி கல்விசார் தகைமை. நாளாந்த வேலைக்கு முதலாவது கைகொடுக்கும், ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் இரண்டாவது. சி.ஐ.பி.எம். தகைமையை வைத்து முதுமாணிக்கு அனுமதியோ பாட விலக்கோ கிடைக்குமா என்பதைச் சேரவிருக்கும் பீடத்திடமே கேளுங்கள். பீடத்துக்குப் பீடம் விதி வேறு.