உணவுக்குழாய் மூடிய நிலையில் பிறந்த குழந்தை பிழைக்குமா? பின்னாளில் எல்லோரையும் போலச் சாப்பிடுமா?

நேற்றுப் பிறந்த உங்கள் தம்பி மகளுக்கு உணவுக்குழாய் பாதியில் மூடியிருப்பதாகவும், அதன் கீழ்ப்பகுதி மூச்சுக்குழாயோடு சேர்ந்திருப்பதாகவும் மருத்துவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எடை 2.4 கிலோ, எக்கோவில் இதயத்தில் குறை எதுவும் தெரியவில்லை, நாளை அறுவைச் சிகிச்சை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பிழைப்பாளா, சாப்பிடுவாளா என்பதோடு, ஸ்கேனில் ஏன் தெரியவில்லை, எதனால் வந்தது என்றும் கேட்கிறீர்கள். பச்சிளங்குழந்தைகளின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன்; அங்கே கண்டதையும் கற்றதையும் வைத்துப் பதில் எழுதுகிறேன். சிகிச்சை பற்றிய முடிவுகளுக்கு, குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவர்களின் சொல்லையே கேளுங்கள்.

அவள் பிழைப்பாள் என்று நம்புவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. லண்டனைச் சேர்ந்த குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணர் லூயிஸ் ஸ்பிட்ஸும் அவருடைய குழுவினரும் 1994-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பிறந்தபோது எடை 1500 கிராமுக்குக் குறைவா, இதயத்தில் பெரிய குறை உண்டா என்ற இரண்டை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. இரண்டுமே இல்லாத குழந்தைகளில் நூற்றுக்கு 97 பேர் பிழைத்தார்கள். ஒன்று இருந்தவர்களில் 59 பேர், இரண்டும் இருந்தவர்களில் 22 பேர். உங்கள் குழந்தை முதல் பிரிவில் வருகிறாள். ஆனால் அது நல்ல வசதியுள்ள ஒரு மருத்துவமனையின் கணக்கு. எங்கள் பிரிவில் நான் பார்த்தவரை, குழந்தை எங்களிடம் வந்து சேரும்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது: நுரையீரலுக்குள் பால் இறங்கியிருக்கிறதா, வரும் வழியில் உடல் குளிர்ந்து போயிருக்கிறதா, கிருமித்தொற்று ஏறியிருக்கிறதா என்பவைதான் நாங்கள் முதலில் பார்ப்பவை.

குறை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கரு உருவாகி நான்கு ஐந்து வாரங்கள் ஆகும்போது, ஒரே குழாயாக இருக்கும் முன்குடலிலிருந்து மூச்சுக்குழாய் முன்பக்கமும் உணவுக்குழாய் பின்பக்கமுமாகப் பிரிகின்றன. அந்தப் பிரிவு சரியாக நடக்காதபோது உணவுக்குழாய் இரண்டு துண்டாகிவிடுகிறது. மேல்துண்டு தொண்டையிலிருந்து இறங்கி, நெஞ்சுக்குள் ஒரு பை போல முடிந்துவிடுகிறது. கீழ்த்துண்டு இரைப்பையிலிருந்து மேலேறி மூச்சுக்குழாயின் பின்புறம் திறக்கிறது. இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினருக்கு இருப்பது இந்த அமைப்புதான். சிலருக்குத் துண்டுகள் மட்டும் இருக்கும், மூச்சுக்குழாயோடு இணைப்பு இருக்காது. அவர்களுக்கு இடைவெளி நீளமாக இருப்பதால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். மிகச் சிலருக்கு உணவுக்குழாய் முழுமையாகவே இருந்து, பக்கவாட்டில் ஓர் இணைப்பு மட்டும் இருக்கும். பால் குடிக்கும்போதெல்லாம் புரையேறுவதும் அடிக்கடி நிமோனியா வருவதுமாக மாதங்கள் கடந்த பிறகே அது பிடிபடும்.

ஸ்கேனில் தெரியாததற்குக் காரணமும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. கருவில் இருக்கும் குழந்தை பனிக்குட நீரை விழுங்கும். உணவுக்குழாய் மூடியிருந்தால் நீர் இரைப்பைக்குப் போகாது, பனிக்குட நீரும் அளவுக்கு மிஞ்சிச் சேரும். இந்த இரண்டையும் பார்த்துத்தான் ஸ்கேன் எடுப்பவருக்குச் சந்தேகமே எழும். உங்கள் குழந்தைக்கு உள்ள வகையிலோ, மூச்சுக்குழாய் வழியாகக் கீழ்த்துண்டுக்குள் நீர் இறங்கி இரைப்பையை நிரப்பிவிடக்கூடும். ஸ்கேனில் இரைப்பை வழக்கம்போலவே தெரியும். ஆகவே ஸ்கேன் எடுத்தவர் மீது உங்கள் குடும்பத்தாருக்கு இருக்கும் கோபத்தை விட்டுவிடுவதே நியாயம்.

பிறந்த பிறகு இதைக் கண்டுபிடிக்க ஒரு குழாய் போதும். வாயோரத்தில் நுரைநுரையாக எச்சில் தள்ளிக்கொண்டே இருக்கும், துடைத்தாலும் உறிஞ்சினாலும் மறுபடி நிறையும் குழந்தைக்குப் பால் கொடுப்பதற்கு முன் வாய் வழியாகக் குழாயை இறக்கிப் பார்க்க வேண்டும். சற்று விறைப்பான, 10 எண் கொண்ட ரப்பர் குழாய் ஈறிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டரில் முட்டி நிற்கும். மெல்லிய குழாயை எடுத்தால் அது மேல்பைக்குள்ளேயே சுருண்டுகொண்டு, இறங்கிவிட்டது போல ஏமாற்றிவிடும். சுருண்ட குழாயை எக்ஸ்ரேயில் பார்த்தபின் நெஞ்சு பதறிய பயிற்சிச் செவிலியர்கள் பலரை நான் அறிவேன். அதே எக்ஸ்ரேயில் வயிற்றில் காற்று தெரிந்தால் கீழே மூச்சுக்குழாயோடு இணைப்பு இருக்கிறது என்று பொருள்.

நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் வாயில் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் வழக்கம், சேனை வைப்பது, இன்னும் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு அந்த ஒரு சொட்டும் மேல்பையில் நிரம்பி வழிந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கும்; குழந்தை புரையேறி நீலம் பாய்ந்து போகும். நுரை தள்ளும் குழந்தைக்குப் பரிசோதனை முடியும்வரை தாய்ப்பால் உட்பட எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதை இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் சொல்லிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இந்த ஒரு நாளில் வார்டில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்குப் பதற்றம் குறையும். அந்த இணைப்பு இருவழிப் பாதை. குழந்தை அழும்போதெல்லாம் காற்று இரைப்பைக்குள் போய் வயிறு உப்பும். உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சை நெருக்கும். இரைப்பையின் அமிலம் அதே வழியாக நுரையீரலுக்கு ஏறும். எச்சில் இறங்குவதைவிட அமிலம் ஏறுவதுதான் கொடியது. அதனால்தான் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைக்கிறோம், மேல்பையில் உறிஞ்சுகுழாய் ஒன்றை வைத்து எச்சிலை இடைவிடாமல் எடுத்துக்கொண்டே இருக்கிறோம், குழந்தை அழாமல் பார்த்துக்கொள்கிறோம். அந்த உறிஞ்சுகுழாய் கோழையில் அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களிலேயே குழந்தையின் நிறம் மாறும் என்பதால், எங்கள் பிரிவில் இந்தக் குழந்தையை விட்டு ஒருவரும் விலகுவதில்லை. இதற்கிடையே எக்கோ, சிறுநீரக ஸ்கேன், முதுகெலும்பு எக்ஸ்ரே, ஆசனவாய்ப் பரிசோதனை எல்லாம் நடக்கும். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடலில் வேறு எங்காவது ஒரு குறை இருக்கும்; அதனால்தான் இத்தனை சோதனைகள், செலவை ஏற்றுவதற்காக அல்ல.

அறுவைச் சிகிச்சையில் வழக்கமாக வலது நெஞ்சில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு இடையே வழி செய்துகொண்டு, முதலில் மூச்சுக்குழாயோடு உள்ள இணைப்பைக் கட்டித் துண்டிப்பார்கள். பிறகு உணவுக்குழாயின் இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். இதை ஒரே கட்டமாகச் செய்து முதன்முதலில் வெற்றி கண்டவர் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த கேமரன் ஹெய்ட், ஆண்டு 1941, குழந்தைக்கு வயது 12 நாள். 1939-க்கு முன் இந்த வகைக் குறையோடு பிறந்த குழந்தை பிழைத்ததே இல்லை. ஹெய்ட் தைத்த அந்தப் பெண் குழந்தைக்கும் தையலில் கசிவு வந்தது, அது தானே ஆறியது. பின்னர் ஏற்பட்ட சுருக்கத்தை ஒரே முறை விரித்துவிட்டதில் சரியானது. கசிவு என்ற சொல்லைக் கேட்டதுமே எல்லாம் முடிந்துவிட்டதாக உடைந்துபோகும் பெற்றோரிடம் நான் இதைச் சொல்வதுண்டு. பெரும்பாலான சிறு கசிவுகள், நெஞ்சில் வைத்த குழாய் வழியாக வடிந்து, வாய்வழி எதுவும் கொடுக்காமல் காத்திருப்பதிலேயே மூடிக்கொள்கின்றன.

அறுவைச் சிகிச்சை முடிந்து வந்ததும் மூக்கில் ஒரு மெல்லிய குழாய் இருக்கும். அது தையல் போட்ட இடத்தைத் தாண்டி இரைப்பைவரை போகிறது. சில நாளில் அதன் வழியாகத்தான் தாய்ப்பால் போகும். தப்பித்தவறிக்கூட அது வெளியே வந்துவிடக் கூடாது, வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு யாரும் திரும்பச் செருகவும் கூடாது. சளி உறிஞ்சும்போதும் அப்படித்தான்: உறிஞ்சுகுழாயின் முனை தையலைத் தொடாதபடி எத்தனை சென்டிமீட்டர்வரை இறக்கலாம் என்பதை அறுவைச் சிகிச்சை நிபுணர் சொல்வார், நாங்கள் அதை வெள்ளை பிளாஸ்திரியில் எழுதி வார்மரின் (குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் படுக்கையின்) தலைப்பக்கம் ஒட்டிவிடுவோம், பணி மாறும்போது அடுத்தவரிடம் அந்த எண்ணைச் சொல்லியே ஒப்படைப்போம். 5 முதல் 7 நாளுக்குள் எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய ஒரு மருந்தை விழுங்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுத்து, கசிவு இல்லை என்று உறுதியான பிறகு வாய்வழிப் பால் தொடங்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது அப்பாவும் பாட்டியும் வந்துவிடுகிறார்கள். அறுவைப் பிரசவம் ஆன அம்மா வேறு மருத்துவமனையில் தனியாகக் கிடக்கிறார். குழந்தைக்கு இப்போது பால் தேவையில்லையே என்று அவருக்குப் பால் கட்டி வற்றும்வரை எவரும் கவனிப்பதில்லை. உங்கள் தம்பி மனைவியிடம் இன்றே சொல்லி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை பாலைப் பீய்ச்சி எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சீம்பாலைச் சேமித்துவைக்க முடியுமா என்று வார்டில் கேளுங்கள். அவர் உடல்நிலை அனுமதிக்கும் முதல் நாளிலேயே குழந்தையிடம் அழைத்து வாருங்கள்.

சாப்பிடுவாளா என்றால், சாப்பிடுவாள், ஆனால் பழக வேண்டும். தைத்த குழாயில் உணவைக் கீழே தள்ளும் ஒழுங்கான அசைவு முழுமையாக இருப்பதில்லை. எதுக்களிப்பு இந்தக் குழந்தைகளுக்கு மிக அதிகம். அதற்கான மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. தையல் இடம் சுருங்குவதும் அடிக்கடி நடக்கும். பால் குடிக்க நேரமாவது, குடித்தது அப்படியே வழிவது, திடஉணவு தொடங்கியபின் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுவது இவையெல்லாம் அதன் அடையாளங்கள். என்டாஸ்கோபி வழியாகப் பலூன் வைத்து விரித்துவிடுவார்கள், சிலருக்குப் பல முறை தேவைப்படும். நடக்கத் தொடங்கிய வயதில் சப்பாத்தி, பரோட்டா, இறைச்சித் துண்டு, ஆப்பிள் இவற்றில் கவனம் வேண்டும்: நிமிர்ந்து உட்காரவைத்து, பொடிப்பொடியாகக் கிள்ளி, இடையிடையே தண்ணீர் கொடுத்து, அவசரப்படுத்தாமல் ஊட்ட வேண்டும்.

இருமலைப் பற்றியும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு இவர்களுக்கு மெலிந்திருப்பதால் இருமினால் குரைப்பது போன்ற கனத்த ஒலி வரும், அது சில ஆண்டுகள் நீடிக்கும். பள்ளியில் ஆசிரியர் பயந்து வீட்டுக்கு அனுப்புவதும், பக்கத்து வீட்டார் காசநோயோ என்று கேட்பதும் நடக்கும். குழந்தை விளையாடிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, எடை ஏறிக்கொண்டிருந்தால் அந்த ஒலி மட்டும் கவலைக்குரியதல்ல. பால் குடிக்கும்போது நீலம் பாய்ந்தாலோ, மூச்சு நின்று போனாலோ, தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் மறுபடி புரையேறத் தொடங்கினாலோ தாமதிக்காமல் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கே கொண்டுவர வேண்டும். மூடிய இணைப்பு சிலருக்கு மீண்டும் திறந்துகொள்வதுண்டு.

எதனால் வந்தது என்ற கேள்விக்கு, அம்மா சாப்பிட்டதாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, கனமான வேலை பார்த்ததாலோ இது வருவதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தனியான ஒரு காரணம் அகப்படுவதே இல்லை. கருத்தரித்திருக்கிறோம் என்று பல பெண்கள் அறியும் முன்னரோ அறிந்த ஓரிரு நாட்களிலோ அந்தப் பிரிவு நடந்து முடிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணின் காதில் விழும்படி யாராவது ஏதாவது பேசினால் நீங்களே குறுக்கிட்டு நிறுத்துங்கள். அடுத்த குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. அப்படியானாலும் அடுத்த கர்ப்பத்தின்போது இந்த விவரத்தை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள். பச்சிளங்குழந்தை அறுவைச் சிகிச்சை உள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பதிவு செய்து, பிறந்ததும் முதல் பாலுக்கு முன் குழாய் இறக்கிப் பார்க்கும்படி கேட்டு வாங்குங்கள்.