காணி உறுதி இல்லை என்றால் பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் இல்லையா?

கிளிநொச்சி பாரதிபுரத்தில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். அதே வளவில் இப்போது மூன்றாவது தலைமுறை வளர்கிறது, ஆனால் காணிக்கு உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. மகளைத் தரம் 1இல் சேர்க்க நகரப் பாடசாலை ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, "உறுதி இல்லாமல் புள்ளி வராது" என்று நேர்முகத்தில் வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். போன கிழமை ஒட்டிய இடைக்காலப் பட்டியலில் பிள்ளையின் பெயர் இல்லை. வாசலில் நின்ற ஒருவர் "கட்டட நிதிக்கு ஏதாவது கட்டினால் பார்க்கலாம்" என்றிருக்கிறார். "ஐயா, சட்டம் எங்களைப் போல ஆட்களுக்கும் இருக்குதா? கோட்டுக்குப் போனால் எடுபடுமா?" என்று கேட்கிறார்.

இருக்கிறது, தங்கச்சி. ஆனால் நீங்கள் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு பாடசாலை கிடைப்பது ஒன்று, இந்தப் பாடசாலைதான் கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று.

முதலாவதில் சட்டம் முழுதாக உங்கள் பக்கம். 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் வந்த ஒழுங்குவிதி, 5 வயது தொடக்கம் 14 வயது வரை பாடசாலைக்குப் போவதைக் கட்டாயமாக்கியது. 2016இல் அந்த மேல் வயதை 16 ஆக்கினார்கள். பிள்ளையை அனுப்பாவிட்டால் பெற்றோரைக் கேள்வி கேட்கிற அரசு, அந்தப் பிள்ளைக்கு ஒரு வகுப்பறை இல்லை என்று கைவிரிக்க முடியாது. எந்தப் பாடசாலையும் கிடைக்கவில்லை என்றால் நேரே வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். உறுதி இல்லை என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

இரண்டாவதுதான் சிக்கல். இடத்தை விட விண்ணப்பம் கூடிய பாடசாலைகளில், கல்வி அமைச்சு வருடா வருடம் வெளியிடும் அனுமதிச் சுற்றறிக்கைதான் ஆளுகிறது. பக்கத்தில் வசிப்போர், பழைய மாணவரின் பிள்ளைகள், ஏற்கனவே அங்கு படிப்போரின் சகோதரர்கள் என்று வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் பங்கும் புள்ளியும் கொடுப்பார்கள். நீங்கள் விண்ணப்பித்தது பக்கத்தில் வசிப்போர் வகையில். அங்கே வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதற்கும், வசிப்பிட ஆவணங்களுக்கும், தூரத்துக்கும் தனித்தனியே புள்ளி உண்டு. உறுதி அதில் ஒரு பகுதிதான். "உறுதி இல்லாமல் புள்ளி வராது" என்றால் மற்றப் புள்ளிகள் எங்கே போயின? புள்ளிக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், உங்கள் பிள்ளைக்குரிய ஆண்டின் சுற்றறிக்கையைத் தமிழில் எடுத்து வரிக்கு வரி வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடத்துக்கு முன்பு சேர்த்த கதையை நம்பி இருக்கவேண்டாம்.

சுற்றறிக்கை என்பது வேதம் அல்ல. இதை எங்கள் ஆட்களில் பலர் அறியாததால்தான் அதிபர் சொன்னதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய மனவருத்தம். அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லா மட்டத்திலும் எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பை உறுதிசெய்வது அரசின் இலக்கு என்கிறது. ஆனால் 29ஆம் உறுப்புரை, அதை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்குப் போட முடியாது என்றும் சொல்கிறது. ஆகவே கல்வி வழக்குகள் பெரும்பாலும் 12(1)ஆம் உறுப்புரை வழியாக, அதாவது சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. 1980இல் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கீட்டை எதிர்த்த வழக்கில், உயர் நீதிமன்றம் அந்த 27ஆம் உறுப்புரையையும் சேர்த்து வாசித்து, வசதி குறைந்த மாவட்டங்களுக்கு இடம் ஒதுக்குவது சமத்துவத்துக்கு விரோதம் அல்ல என்று தீர்த்தது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு இன்றும் பல்கலைக்கழக அனுமதியில் கிடைக்கிற பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடு அந்த வழியில் நிலைத்ததுதான்.

உங்களுக்கு இன்னும் கிட்டிய வழக்கு 2007இல் வந்தது, அடிப்படை உரிமை வழக்கு இலக்கம் 10/2007. தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கையையே பெற்றோர் எதிர்த்தார்கள். அது 12(1)க்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னதால், அமைச்சு அனுமதி முறையைத் திரும்ப எழுத வேண்டி வந்தது. 2016இல் இன்னொன்று: எச்.ஐ.வி. என்ற வதந்தியால் பாடசாலைகள் சேர்க்க மறுத்த ஒரு சிறுவனுக்கு வழக்கின் மூலம் வேறொரு பாடசாலையில் இடம் கிடைத்தது, அந்தத் தொற்றைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையின் கல்வியையும் மறுக்கக்கூடாது என்பதும் பதிவானது.

சரி, இது உங்கள் விஷயத்தில் எப்படிப் பொருந்தும்? உங்கள் வாதம் ஒரே வரிதான்: நிரூபிக்க வேண்டியது அங்கே வசிக்கிறோம் என்பதை, அந்தக் காணி எங்களுக்குச் சொந்தம் என்பதை அல்ல. வன்னியில் பெருவாரியான குடியேற்றங்கள் அரச காணியில் அமைந்தவை, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கே பலருக்கு இன்னும் உறுதி இல்லை. அதோடு எத்தனை இடப்பெயர்வு, எத்தனை கடதாசி பங்கருக்குள்ளேயே போனது! ஆகவே வாக்காளர் இடாப்புப் பிரதிகள், விதானையாரின் (கிராம அலுவலரின்) வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலகத்தில் காணிக்கு விண்ணப்பித்த கடிதம், கரண்ட் பில், அடையாள அட்டை, பிள்ளையின் கிளினிக் அட்டை என்று அந்த விலாசம் உள்ள எல்லாவற்றையும் ஒரு கோவையில் போடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நீதிமன்றம் இரக்கப்பட்டு இடம் தராது. சுற்றறிக்கைப்படி உங்களுக்குச் சேரவேண்டிய புள்ளியை மறுத்தார்கள், அல்லது உங்களை விடக் குறைந்த புள்ளிக்காரரை எடுத்தார்கள், அல்லது விதியே நியாயமற்றது, இவற்றில் ஒன்றையாவது காட்ட வேண்டும். புள்ளி சரியாகப் போட்டும் பின்னால் நின்றால் வழக்கில் காசும் காலமும்தான் போகும்.

அதனால் முதல் வேலை, வாயால் சொன்னதை எழுத்தில் எடுப்பது. பட்டியலில் குறித்த நாளுக்குள் மேன்முறையீட்டை எழுதி, கையில் கொடுத்தால் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபால். அதே நாளில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் புள்ளித்தாளையும் அந்த வகையில் கடைசியாகத் தெரிவானவரின் புள்ளியையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். தகவல் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் அந்த மாதம் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். மேன்முறையீட்டின் பிறகு வரும் இறுதிப் பட்டியலில் இருந்து எண்ணலாம் என்று வாதாட இடம் இருந்தாலும், அதை நம்பி இருக்கவேண்டாம், இடைக்காலப் பட்டியல் ஒட்டிய நாளில் இருந்தே நாள் எண்ணுங்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது, வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு இருந்தால் போதாது, உண்மையில் விசாரணை நடந்ததைக் காட்டும் கடிதம் கையில் வேண்டும். வழக்குக்குப் பணம் இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், வருமானத்தைப் பார்த்து இலவசமாக உதவுவார்கள். மாகாணப் பாடசாலை என்றால் கொழும்புக்குப் போகாமல் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்ய அல்லது கடமையைச் செய்விக்க நீதிமன்றம் இடும் கட்டளை) கேட்கலாமா என்பதையும் சட்டத்தரணியிடம் கேளுங்கள். இந்த அடிப்படை உரிமை வழி அரச பாடசாலைகளுக்குத்தான், தனியார் சர்வதேசப் பாடசாலைக்கு எதிராக இப்படிப் போக முடியாது.

வாசலில் காசு கேட்டவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அனுமதிக்காகப் பணம் கேட்பது இலஞ்சம், கொடுப்பவரும் மாட்டிக்கொள்வார். யார், எப்போது, எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொண்டு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழையுங்கள்.

"முறைப்பாடு செய்தால் நாளைக்கு அதே பாடசாலையில் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ" என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. மேன்முறையீட்டில் யாரையும் திட்டாமல், சுற்றறிக்கையின் எந்தப் பந்திப்படி எந்தப் புள்ளி விடுபட்டது என்று மட்டும் எழுதுங்கள், ஒரு பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் அனுப்புங்கள். உங்களிடம் எல்லாம் எழுத்தில் ஒரு கோவையாக இருக்கிறது என்று தெரிந்தால் கை வைக்க யோசிப்பார்கள். பட்டியல் ஒட்டி ஒரு கிழமை ஏற்கனவே போய்விட்டது, விதானையாரிடம் நாளைக்கே போய்விடுங்கள்.