கண்டத்தின் நடுவே நிலம் நடுங்குவது ஏன்?

கேள்வி: புவித்தட்டுகள் ஒன்றையொன்று உரசும் விளிம்புகளில்தான் நிலநடுக்கம் வரும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால், விளிம்பிலிருந்து வெகு தொலைவில், உறுதியானவை என்று சொல்லப்படும் கண்டங்களின் உட்பகுதியிலும் பெரும் நிலநடுக்கங்கள் ஏற்படுவது எப்படி?

பதில்: நீங்கள் படித்தது பெரும்பாலும் சரியே. ஆனால் விளிம்பில் பிறக்கும் நெருக்குதல் விளிம்போடு நின்றுவிடுவதில்லை. கெட்டியான தட்டு அதைத் தன் உள்ளே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குக் கடத்துகிறது. ஆகவே கண்டத்தின் நடுப்பகுதியும் ஓயாத அழுத்தத்துக்கு உட்பட்டே இருக்கிறது. அந்த அழுத்தத்துக்கு முதலில் இடம்கொடுப்பவை பெரும்பாலும் பழைய காயங்கள்.

அந்தக் காயங்கள் வந்த கதை இது. ஒரு கண்டம் இரண்டாகப் பிரிய முற்படும்போது நிலம் இழுபட்டு மெலிகிறது. இருபுறமும் சாய்வான பிளவுகள் விழ, நடுவில் உள்ள பாறை கீழிறங்கிப் பெரும் பள்ளத்தாக்காகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்று நடந்துகொண்டிருப்பது இதுதான். சில இடங்களில் இந்த இழுப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. கடல் புகுவதற்குள் பிரிவு ஓய்ந்துபோக, கோடிக்கணக்கான ஆண்டுகளில் வண்டல் படிந்து பள்ளத்தை மூடிவிடும். மேலே பார்த்தால் சமவெளி. ஆழத்தில் பிளவுகள் அப்படியே இருக்கும். முழுப் பாறையைப் புதிதாக உடைப்பதைவிட, ஏற்கெனவே உடைந்த பரப்பை நழுவச் செய்யக் குறைந்த விசையே போதும் என்பதையும், ஆழத்தில் பாறை இடுக்குகளில் தேங்கும் நீரின் அழுத்தம் அந்தப் பரப்பின் உராய்வை மேலும் குறைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நடுக்கம் ஏன் அங்கேயே மையம் கொள்கிறது என்பது விளங்கும்.

குஜராத்தின் கட்ச் பகுதி இதற்குத் தெளிவான சான்று. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் பிரிந்த காலத்தில், டைனோசர்கள் வாழ்ந்த யுகத்தில், அங்கே நிலம் இழுபட்டுப் பிளந்தது. பின்னர் இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவுடன் மோதியதால் இழுப்பு நெருக்குதலாக மாறியது. அன்று பாறை கீழ்நோக்கிச் சரிந்த பிளவுகளிலேயே இன்று அது மேல்நோக்கி ஏறுகிறது. 1819இல் அங்கு நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தட்டையான உவர்நிலத்தின் நடுவே 80 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்கு ஒரு மேடு எழும்பி, சிந்து ஆற்றின் பழைய கிளை ஒன்றை மறித்தது. மனிதர் கட்டாத அணை என்பதால் மக்கள் அதை ‘அல்லாஹ் பந்த்’, அதாவது இறைவனின் அணை, என்று அழைத்தார்கள். அதன் தெற்கே நிலம் தாழ்ந்து சிந்த்ரி கோட்டையைத் தண்ணீர் சூழ்ந்தது. 2001 ஜனவரி 26 அன்று பூஜ் அருகே நிலத்தை உலுக்கியதும் இதே பழைய பிளவு மண்டலம்தான். ஆனால் அம்முறை பிளவு ஆழத்திலேயே நழுவியது, மேற்பரப்பில் அதன் தடம் தெளிவாகத் தெரியவில்லை.

கேள்வி: இத்தகைய இடங்களில் அடுத்த நடுக்கம் எப்போது வரும் என்று கணிக்க முடியுமா?

பதில்: நாளைக் குறிக்க இயலாது, பழைய நடுக்கங்களின் இடைவெளியை மட்டும் ஓரளவு அறியலாம். அமெரிக்காவின் நியூ மாட்ரிட் பகுதியில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ரீல்ஃபுட் பிளவு மண்டலத்தின் மேல், 1811 டிசம்பருக்கும் 1812 பிப்ரவரிக்கும் இடையே மூன்று பெரும் நிலநடுக்கங்கள் நிகழ்ந்தன. மிசிசிப்பி ஆற்றின் ஓட்டமே சிறிது நேரம் பின்னோக்கித் திரும்பியது. பழமையான, குளிர்ந்த பாறை, நிலநடுக்க அலைகளை அதிகம் உறிஞ்சுவதில்லை என்பதால், அதிர்வு அட்லாண்டிக் கரை வரை உணரப்பட்டது. அப்பகுதி வயல்களில் குழி வெட்டிப் பார்த்தால், கரிய களிமண்ணைக் கிழித்துக்கொண்டு வெண்மணல் மேலேறிக் குவிந்த தடங்கள் தெரிகின்றன. நடுக்கத்தில் நிலத்தடி நீர் மணலோடு பீறிட்ட வழி அது. அந்த மணலுக்கு மேலும் கீழும் கிடைத்த கரித்துண்டுகளையும் பானை ஓடுகளையும் கொண்டு காலம் கணித்தபோது, கி.பி. 900 வாக்கிலும் 1450 வாக்கிலும் அதே மண் அதே அளவுக்கு ஆட்டம் கண்டிருந்தது தெரியவந்தது.