சோளகத்தில் குடை எதற்கு?

கேள்வி: நான் மலையகத்தில் ஹட்டன் பக்கம் பிறந்து வளர்ந்தவள். முதல் நியமனம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில், கடலோரக் கிராமம் ஒன்றில், தரம் 4. தவணைப் பரீட்சையில் 'ஜூன் மாதம் பாடசாலைக்கு மறக்காமல் எதைக் கொண்டுவர வேண்டும்?' என்று கேட்டிருந்தேன். குடை என்று ஒரு பிள்ளையும் எழுதவில்லை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்றதற்கு முக்கால்வாசிப் பேர் 'உப்பு'. எல்லாவற்றுக்கும் பிழை போட்டேன். ஒரு தாய் வந்து சண்டை பிடித்துவிட்டுப் போகிறார். நான் செய்தது சரியா?

பதில்: பிள்ளை, நான் அந்தத் தாயின் பக்கம்தான். உங்கள் ஊரில் ஜூன் என்றால் தென்மேற்குப் பருவமழை விடாமல் ஊற்றும், அதே காலத்தில் இங்கே வீசுவது சோளகம், புழுதியைக் கிளப்பி வாயைக் காயவைக்கிற காற்று. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் தண்ணீர்ப் போத்தல் என்று எழுதிய பிள்ளை யோசித்து எழுதியிருக்கிறது.

ஆற்றுக் கதையும் அப்படித்தான். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சுண்ணாம்புக்கல் நிலம், பெய்யும் மழை கீழே இறங்கிவிடும், அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். உங்கள் பிள்ளைகள் கண்ட ஆறு தொண்டைமானாறு, அது பெயருக்குத்தான் ஆறு, உள்ளபடி கடல்நீரேரி. உப்பு என்று எழுதாமல் வேறு என்ன எழுதும்?

நானும் பட்டணத்திலிருந்து தீவுப்பகுதிக்குப் படிப்பிக்கப் போய் முதல் கிழமையே அகப்பட்டவன். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டேன், 'கச்சான், சேர்' என்றான் ஒரு பெடியன். தின்கிற நினைப்போடு வகுப்பில் இருக்கிறாயா என்று அதட்டி இருத்திவிட்டேன். எனக்குத் தெரிந்த கச்சான் கோயில் திருவிழாவில் வறுத்து விற்கிற நிலக்கடலை மட்டும். கடலுக்குப் போகிறவர்களுக்கு மேல்காற்றுத்தான் கச்சான், அவன் தகப்பன் தொழிலுக்குப் போகலாமா வேண்டாமா என்று பார்ப்பதே அதை வைத்துத்தான். அவனிடம் போய் 'நீ சொன்னதுதான் சரி' என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது, அவ்வளவு வீம்பு.

அதற்காகப் பாடப்புத்தகத்தைத் தூக்கி எறியவும் முடியாது. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை, வினாத்தாள் இலங்கை முழுக்க ஒன்றுதான். அங்கே ஆறு என்றால் மலையில் பிறக்கிற நன்னீர் ஆறு. அதைச் சொல்லிக்கொடுக்க உங்களை விட்டால் அந்தப் பாடசாலையில் வேறு யார்? உங்கள் வீட்டுப் பக்கத்து ஓடையின் படம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கேள்வி கேட்டே உங்களைக் களைக்க வைப்பார்கள். இனிக் கேள்வி போடும்போது 'ஹட்டனில்' அல்லது 'எங்கள் ஊரில்' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

சரி, புள்ளியைத் திருத்திக் கொடுங்கள். அந்த அம்மாவைக் கண்டால் நீங்களே முதலில் கதையுங்கள்.