‘ஆயிரக்கணக்கானோர்’ என்றால் எத்தனை பேர்?

கேள்வி: 2003-ல் உலகமே தெருவில் இறங்கியும் ஈராக் போர் நிற்கவில்லை. பிறகு ஊர்வலம் எதற்கு? அதைப் பத்திரிகைகள் சரியாகப் போடவில்லை என்று அவர்களுக்கே கடிதம் எழுதிக்கொண்டிருப்பது எதற்கு? பெரிய ஊடகங்கள் எல்லாம் விலைபோனவை என்று தெரிந்த பிறகும் அவர்களிடம் முறையிடுவது செவிடன் காதில் ஊதிய சங்குதானே? (வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: அந்தச் செவிட்டுக் காது ஒருமுறை நான்கே நாளில் திறந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2002 அக்டோபர் 26, சனிக்கிழமை. ஈராக் மீது படையெடுக்கும் அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றம் அதிபர் புஷ்ஷின் கையில் கொடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டம் சேர்ந்து, வெள்ளை மாளிகையைச் சுற்றி ஊர்வலம் போனது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் எழுதியது: ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் குறைவு. என்பிஆர் என்கிற பொது வானொலி, பத்தாயிரத்துக்கும் குறைவு என்று சொன்னது. உள்ளூர்ப் பத்திரிகையான வாஷிங்டன் போஸ்ட் போட்ட எண் ஒரு லட்சம். ஒரே ஊர், ஒரே மத்தியானம், பத்து மடங்கு வித்தியாசம்!

நடந்துவிட்டு வந்து கால் வலி தீராதவர்களுக்கு இதைப் படித்தால் எப்படி இருந்திருக்கும்? எழுத ஆரம்பித்தார்கள். ‘ஃபேர்’ என்று நியூயார்க்கில் ஒரு ஊடகக் கண்காணிப்பு அமைப்பு உண்டு. 1986 முதல் இயங்குகிறது. அவர்கள் இரண்டு செய்திகளையும் எடுத்துப் போட்டு, எங்கே தவறு என்று காட்டி, டைம்ஸுக்கும் என்பிஆருக்கும் எழுதுங்கள் என்று கேட்டார்கள். கடிதங்கள் குவிந்தன. 30-ஆம் தேதி புதன்கிழமை டைம்ஸில் அதே ஊர்வலத்தைப் பற்றி இன்னொரு செய்தி வந்தது. போலீஸ் கணக்கு ஒரு லட்சம், ஏற்பாட்டாளர்கள் கணக்கு இரண்டு லட்சம். அப்புறம் ஒரு வரி: இருபதாயிரம் பேருக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள், வந்த கூட்டத்தைப் பார்த்து ஏற்பாட்டாளர்களே திகைத்துப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ‘எதிர்பார்த்ததைவிடக் குறைவு’, புதன்கிழமை ‘எதிர்பாராத அளவு’. இடையில் ‘நாங்கள் எழுதியது தப்பு’ என்று ஒரு சொல்கூட இல்லை. எங்கள் தொழிலில் மன்னிப்புக் கேட்கிற விதம் பல சமயம் இப்படித்தான் இருக்கும். என்பிஆர் பரவாயில்லை, பிழைக்கு வருந்துகிறோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

எண்ணைச் சரிபார்க்க அரசாங்கத்தில் ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. வாஷிங்டன் மைதானக் கூட்டங்களைத் தேசியப் பூங்காத் துறைதான் எண்ணிக்கொண்டிருந்தது. 1995-ல் கறுப்பினத்தவர் நடத்திய ‘பத்து லட்சம் பேர் பேரணி’க்கு நான்கு லட்சம் பேர்தான் வந்தார்கள் என்று அது சொல்லப்போக, வழக்குப் போடுவோம் என்று ஏற்பாட்டாளர்கள் கிளம்பினார்கள். எதற்கு வம்பு என்று, இனி எண்ணுவதற்குப் பணம் கிடையாது என்றே நாடாளுமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நிருபரின் கண் மதிப்புதான் கணக்கு.

அந்தக் கண் மதிப்பின் லட்சணம் எனக்குத் தெரியும். உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் ‘ஆயிரக்கணக்கானோர்’ என்ற சொல்லை நானே எத்தனை முறை போட்டிருப்பேன்! நிருபர் கூட்டம் பாதி நடக்கும்போதே திரும்பி வந்திருப்பார். எத்தனை பேர் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். அந்தச் சொல்லில் ஒரு சௌகரியம், யாரும் பொய் என்று சொல்ல முடியாது. இரண்டாயிரமும் ஆயிரக்கணக்குதான், லட்சத்துக்கு ஒன்று குறைந்தாலும் ஆயிரக்கணக்குதான். மறுநாள் மந்திரியின் உதவியாளர் போனில் கூப்பிட்டுத் திட்டுகிற சொல்லும் அது இல்லை. ஊர்வலம் போனவர்களிடமிருந்து போன் வராது. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது.

‘விலைபோனவை’ என்கிறீர்கள். எனக்கு அது முழுதாகச் சரியாகப் படவில்லை. 2002 செப்டம்பர் 8-ஆம் தேதி டைம்ஸின் முதல் பக்கத்தில் ஒரு செய்தி: அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டும் இயந்திரத்துக்காக ஈராக் அதிபர் சதாம் அலுமினியக் குழாய்கள் வாங்கப் பார்க்கிறார். சொன்னவர்கள் பெயர் தெரிவிக்காத அதிகாரிகள். அன்று காலையே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் உட்கார்ந்து, இன்றைய டைம்ஸிலேயே வந்திருக்கிறதே என்கிறார். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி. இதில் யாரும் யாருக்கும் பணம் கொடுத்ததாகத் தெரியவில்லை. அதிகாரியின் போன் எண் நிருபரிடம் இருந்தது, நிருபரின் எண் அதிகாரியிடம் இருந்தது, அவ்வளவுதான்.

வாஷிங்டன் போஸ்ட்டையே எடுங்கள். ஒரு லட்சம் என்று சரியாக எழுதியது என்றேனே, அந்தச் செய்தியைப் போட்ட இடம் எது தெரியுமா? உள்ளூர்ச் செய்திப் பகுதி. சாக்கடை அடைப்பும் பள்ளிக்கூட பஸ்ஸும் வருகிற இடம். அந்தப் பத்திரிகையிலேயே வாசகர் குறைகளைக் கவனிக்க நியமிக்கப்பட்டிருந்த மைக்கேல் கெட்லர் அடுத்த வாரம் இதைக் குறை சொல்லி எழுதினார். பிறகு 2004 ஆகஸ்டில் போஸ்ட் தன்னைத்தானே ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் கணக்கு வந்தது: 2002 ஆகஸ்டிலிருந்து போர் தொடங்கும்வரை, ஈராக்குக்கு எதிராக அரசு பேசியதை மையமாக வைத்து 140-க்கும் மேற்பட்ட முதல் பக்கச் செய்திகள். ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருப்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு அதன் நிருபர் வால்டர் பின்கஸ் எழுதிய செய்தி, போருக்குச் சில நாள் முன்பு, 17-ஆம் பக்கத்தில் வந்தது.

அதே ஊரில், அதே தொழிலில், நைட் ரிடர் செய்தி நிறுவனத்தின் ஜொனாதன் லாண்டேயும் வாரன் ஸ்ட்ரோபெலும் மேலிடத்தை விட்டுவிட்டு நடுமட்டத்து உளவு அதிகாரிகளிடம் கேட்டார்கள். அவர்களுக்கு வேறு கதை கிடைத்தது. எழுதினார்கள். அந்த நிறுவனத்தின் சொந்தப் பத்திரிகைகள் சிலவே அதைப் போடவில்லை என்பது வேறு சோகம். எல்லோரும் விலைபோனவர்கள் என்று ஒரே கோணியில் கட்டினால் இந்த இருவரையும் எங்கே வைப்பீர்கள்?

கூட்டம் சேர்ப்பதோடு எண்ணவும் தெரிந்தவர்கள்தான் சங்கை ஒழுங்காக ஊதினார்கள். 2003 பிப்ரவரி 5-ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் ஈராக்குக்கு எதிராக ஐ.நா.வில் பேசினார். அதையொட்டிய இரண்டு வாரம் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, பிபிஎஸ் ஆகிய நான்கு தொலைக்காட்சிகளின் மாலைச் செய்திகளில் ஈராக் பற்றி யார் யாரைப் பேசவைத்தார்கள் என்று ஃபேர் உட்கார்ந்து எண்ணியது. மொத்தம் 393 பேர். போர் எதிர்ப்பு அமைப்பையோ போராட்டத்தையோ சேர்ந்தவர்கள் மூன்றே மூன்று பேர். அமெரிக்கர்களில் முக்கால்வாசி இந்நாள், முன்னாள் அதிகாரிகள், ராணுவத்தினர். அந்த அதிகாரக் கூட்டத்தில் போர் மீது சந்தேகம் தெரிவித்த ஒரே ஆள் செனட்டர் எட்வர்ட் கென்னடி.

‘ஊடகங்கள் பொய் சொல்கின்றன’ என்று அட்டையில் எழுதிப் பிடித்தால் எந்த ஆசிரியரும் தூக்கம் கெடமாட்டார். இருநூறு வருடமாகக் கேட்கிற வசை அது. ‘393-ல் மூன்று’ என்றால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்ன தேதி, இன்ன பக்கம், மூன்றாவது பத்தியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள், நான் அந்த இடத்தில் நின்றேன் என்று ஒருவர் எழுதினால் அந்தக் கடிதம் மேசை மேசையாகப் போகும். நிருபரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். எனக்கும் வந்திருக்கிறது, காது சூடாகியிருக்கிறது.

இதன் மறுபக்கம் நம் ஆட்களுக்கும் கசக்க வேண்டும். 2003 பிப்ரவரி 16-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ ஊர்வலத்துக்கு இரண்டு லட்சம் பேர் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள், போலீசும் தலையாட்டியது. அந்த ஊர் கிரானிக்கிள் பத்திரிகை விமானத்திலிருந்து படம் எடுக்கவைத்து எண்ணிப் பார்த்தது. சுமார் 65,000. எதிரி எண்ணைக் குறைக்கிறான் என்று சண்டை போடுகிறவன், தன் எண்ணை ஊதக் கூடாது. ஊதினால் அடுத்த கடிதத்துக்கு மதிப்பு இல்லை.

சரி, போர் நிற்கவில்லையே என்ற பகுதிக்கு வருகிறேன். நிற்கவில்லை. ஆனால் உலகமே தெருவில் இறங்கிய அந்த நாளை, 2003 பிப்ரவரி 15-ஐ, யாரும் ஒரே ராத்திரியில் முடிவு செய்யவில்லை. முந்தைய நவம்பரில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஐரோப்பிய இயக்கங்கள் கூடிய இடத்தில்தான் ஐரோப்பா முழுக்க ஒரே நாளில் என்று பேச்சு எழுந்து, பிறகு மற்றக் கண்டங்களும் சேர்ந்தன. லண்டனில் போலீஸ் கணக்கே ஏழரை லட்சம். ரோமில் கிட்டத்தட்ட முப்பது லட்சம் என்று கின்னஸில் ஏறியது. நியூயார்க்கில் ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை, நின்ற இடத்தில் நிற்கலாம் என்றார்கள். நீதிமன்றமும் அதையே சொன்னது. உறையும் குளிரில் நின்றார்கள். இரண்டு நாள் கழித்து, உலகில் இப்போது இரண்டு வல்லரசுகள், ஒன்று அமெரிக்கா, இன்னொன்று உலகப் பொதுக்கருத்து என்ற பொருளில் எழுதியது யார் தெரியுமா? அதே நியூயார்க் டைம்ஸ். ‘எதிர்பார்த்ததைவிடக் குறைவு’ என்று எழுதி நான்கு மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் கூட்டத்தை புஷ் பொருட்படுத்தவில்லை. அடுத்த மாதம் குண்டு விழுந்தது. ஆனால் நீங்கள் வாஷிங்டனை மட்டும் பார்க்கிறீர்கள். துருக்கிக்குப் போங்கள். 2003 மார்ச் 1. அமெரிக்கப் படையில் 62,000 பேரைத் தன் மண்ணில் இறக்கி வடக்கிலிருந்து ஈராக்குக்குள் அனுப்பலாமா என்று தலைநகர் அங்காராவில் நாடாளுமன்ற வாக்கெடுப்பு. வெளியே பல்லாயிரம் பேர் கூடிப் போராட்டம். உள்ளே ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. கூட்டிப் பாருங்கள்: வந்தவர் 533, பாதிக்கு மேல் என்றால் 267. மூன்று வாக்குக் குறைவு! தீர்மானம் விழுந்தது. வடக்குப் போர்முனைக்கு வந்த கப்பல்கள் கடலிலேயே காத்திருந்துவிட்டு வேறு வழியாகப் போயின. லண்டனில் போர் பற்றி மார்ச் 18 அன்று நடந்த நாடாளுமன்ற வாக்கெடுப்பில் ஆளுங்கட்சி எம்.பி.க்கள் 139 பேர் பிரதமர் பிளேருக்கு எதிராக நின்றார்கள். முந்தின நாள் அவருடைய அமைச்சர் ராபின் குக் பதவியைத் தூக்கிப் போட்டார். நம் டெல்லியிலும், ஈராக்குக்கு ஒரு டிவிஷன் படை அனுப்பக் கேட்டு அமெரிக்கா நெருக்க, 2003 ஜூலையில் வாஜ்பாய் அரசு முடியாது என்றது. அதற்கு ஊர்வலம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த வருடம் தேர்தல் இருந்தது, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது.

ஈராக்கில் அந்தப் பேரழிவு ஆயுதங்கள் எங்கேயும் கிடைக்காமல் போன பிறகு, 2004 மே 26-ஆம் தேதி, நாங்கள் இன்னும் கடுமையாக விசாரித்திருக்க வேண்டும் என்று டைம்ஸ் ஆசிரியர் குறிப்பு போட்டது. அலுமினியக் குழாய் முதல் பக்கத்தில் வந்ததல்லவா? குறிப்பு வந்தது பத்தாம் பக்கத்தில். அந்தப் பத்தாம் பக்கத்துக்கே இரண்டு வருடக் கடிதங்கள் தேவைப்பட்டன.

இந்தப் பத்திரிகையும் கூட்டங்களைப் பற்றி எழுதுகிறது. ‘ஆயிரக்கணக்கானோர்’ என்று எங்காவது கண்ணில் பட்டு, நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால், எழுதுங்கள். தேதியும் பக்க எண்ணும் மறக்காமல் போடுங்கள். உதவி ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்க எனக்கு வசதியாக இருக்கும்.